அன்னா மணியும் எங்கள் மழைமானியும்

எங்கள் பள்ளியின் மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியதில்லை. இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் பொருத்தி, அடியில் கூழாங்கல் போட்டு, பூஜ்ஜியக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பழைய அளவுகோல் ஒன்றை ஒட்டி எட்டாம் வகுப்பு மாணவர்கள் செய்தது. 'வானிலையும் காலநிலையும்' பாடத்துக்காகத் தொடங்கிய வேலை. பாடம் முடிந்த பிறகும் மாணவர்கள் அதை விடவில்லை. தினமும் காலை 8.30 மணிக்கு அளவு பார்த்து, மீண்டும் பூஜ்ஜியக் கோட்டுக்குச் சரிசெய்து, ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் நாள் மழையைக் காலை 8.30 மணிக்குத்தான் கணக்கெடுக்கிறது என்று நான் சொன்னதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

விடுமுறை நாளில் பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள இருவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த இருவருமே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கள் காலை புட்டியில் 31 மில்லிமீட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலி. இறைவணக்கக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான், "நேத்துக்குப் பூஜ்ஜியம் போடு, இன்னைக்கு 31 போடு" என்றேன்.

பேனா பிடித்திருந்த மாணவி எழுதவில்லை. "பூஜ்ஜியம் போட்டா அன்னைக்கு மழ இல்லன்னு ஆயிரும்லா டீச்சர்? நாம பாக்கத்தானே இல்ல."

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் கற்பிக்கிறேன். அந்த நிமிடம் எனக்குப் பதில் வரவில்லை. மழை இல்லை என்பது ஒரு செய்தி. அளக்கவில்லை என்பது வேறொரு செய்தி. இரண்டையும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக எழுதச் சொன்னவள் நான். வேடிக்கை என்னவென்றால், ஞாயிறு காலை என் வீட்டு மாடியில் காயப்போட்ட துணி நனைந்துபோனது எனக்கே நன்றாக நினைவிருந்தது.

அன்று மதியப் பாடவேளையில்தான் அன்னா மணியை வகுப்புக்குள் அழைத்து வந்தேன். தேசிய அறிவியல் நாளுக்காக நாம் ஒட்டும் பெண் அறிவியலாளர்கள் படத்தாளில் அவர் முகம் இருக்கும். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, 'வானிலை அறிவியலாளர்' என்ற ஒரு சொல். அவ்வளவோடு நானும் பல ஆண்டுகள் கடந்து போயிருக்கிறேன்.

காதணி வேண்டாம் என்ற சிறுமி

1918 ஆகஸ்ட் 23 அன்று, அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. தந்தை பொறியாளர், ஏலக்காய்த் தோட்டமும் இருந்தது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஆண் பிள்ளைகளுக்குப் பெரிய பதவி, பெண் பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில் திருமணம் என்பதுதான் அந்த வீட்டின் எழுதாத பாடத்திட்டம். எட்டாவது பிறந்தநாளுக்கு வழக்கப்படி வைரக் காதணி வந்தபோது, அது வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்றார் அந்தச் சிறுமி. உள்ளூர் நூலகத்தில் இருந்த மலையாளப் புத்தகங்களை அதற்குள் படித்து முடித்திருந்தார்.

வைக்கம் போராட்டம் நடந்த காலம் அது. 1925-இல் காந்தி வைக்கத்துக்கு வந்தார். அந்தக் காலத்தின் தாக்கத்தில் கதர் உடுத்தத் தொடங்கியவர், பின்னாளிலும் அதை விடவில்லை.

மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். அது அமையவில்லை. இயற்பியல் நன்றாக வந்ததால் இயற்பியல் எடுத்தார். இந்த ஒரு செய்தியை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். 'சிறுவயது முதலே அறிவியலாளராக வேண்டும் என்ற தீராத தாகம்' என்று எல்லார் வாழ்க்கையையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். தாகம் இன்னும் வராத பிள்ளை, இது நமக்கானதில்லை என்று ஒதுங்கிவிடுகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றது 1939-இல். அடுத்த ஆண்டே உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். காதணி வேண்டாம் என்றவருக்கு அங்கே கிடைத்த ஆய்வுப்பொருள் வைரம். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களைத் திரவக் காற்றின் வெப்பநிலைக்குக் குளிரவைத்து, அவை உமிழும் மங்கலான ஒளியின் நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தார். சில வைரங்களின் ஒளி மிக மங்கல் என்பதால் ஒரே ஒரு பதிவுக்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். இரவில் ஆய்வகத்திலேயே தங்குவார்.

இதை என் மாணவர்களுக்குப் புரியவைக்கக் கைப்பேசியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். "நாம ஒரு போட்டோ எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" "ஒரு செகண்டு கூட ஆகாது டீச்சர்." "அவங்களுக்கு ஒரு ராத்திரி முழுசும் ஆச்சு. நடுவுல ஏதாவது அசைஞ்சா திரும்ப முதல்ல இருந்து." வகுப்பு கொஞ்சம் அமைதியானது.

1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனி ஒருவராக எழுதினார். 1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். பட்டம் கிடைக்கவில்லை. முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு முனைவர் பட்டம் தர முடியாது என்பது காரணம். ஆனர்ஸ் படிப்பின் அடிப்படையில்தான் அவருக்கு ஆய்வு உதவித்தொகையே தரப்பட்டது என்பது கணக்கில் வரவில்லை. கட்டமைத்த அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூருவில் ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் இருக்கிறது.

சான்றிதழ் சரிபார்ப்பு வரிசையில் ஒரு நகல் குறைந்து தவித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே இந்தப் பகுதியைச் சொல்லும்போது என் குரலில் சூடு ஏறிவிட்டது. மாணவர்கள் அதைவிட நிதானமாக இருந்தார்கள். "அதுக்கப்புறம் எம்.எஸ்சி. படிச்சு வாங்கிட்டாங்களா?" என்று ஒருவன் கேட்டான். இல்லை. அதன்பின் அந்தப் பட்டம் இல்லாமலேயே வேலை செய்தார்.

பெண் என்பதால் அவர் சந்தித்தவற்றையும் மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1933-இல், அதே அறிவியல் கழகத்தில் சேர வந்த கமலா பாக்வத்துக்கு, பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவருக்கு, பெண் என்பதற்காகவே ராமன் முதலில் இடம் மறுத்தார். நம் பாடநூல்கள் போற்றும் மேதைதான். மேதைக்கும் இந்தக் குறை இருந்தது என்று சொன்னால் ராமன் விளைவின் மதிப்பு குறைந்துவிடாது.

நூறு கருவிகள்

போர் முடிந்த 1945-இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். அங்கே இயற்பியலைத் தொடரத்தான் அவருக்கு எண்ணம். கிடைத்த இடமோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. அதையே கற்றுக்கொண்டு 1948-இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

அன்றைய நிலையை மாணவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெப்பநிலைமானி, காற்றழுத்தமானி போன்ற எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. விடுதலை பெற்ற நாடு தன் மழையையும் வெயிலையும் அளக்கப் பிறர் கையை எதிர்பார்த்திருந்தது. புனேயில் எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் தலைமையில் கருவிகளை இங்கேயே செய்யும் பணி நடந்துகொண்டிருந்தது. அதில் அன்னா மணி முழுமூச்சாக இறங்கினார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்குத் தரப்படுத்திய வரைபடங்கள் உருவாயின. 1953 அளவில் அந்தப் பிரிவின் தலைவராக இருந்தார். அவரின்கீழ் 121 ஆண்கள் வேலை செய்தார்கள்.

'தரப்படுத்துதல்' என்ற சொல்லை மாணவர்கள் தேர்வுக்கு எழுதிவிடுவார்கள். அதன் பொருளை நான் கரும்பலகையில் ஒரு வானிலை வரைபடம் போட்டுக் காட்டினேன். ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் சமஅழுத்தக் கோடுகளை நம் நாட்டு வரைபடத்தில் 2 மில்லிபார் இடைவெளியில் வரைகிறார்கள். ஓர் ஊரின் காற்றழுத்தமானி மட்டும் 2 மில்லிபார் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? வரைபடத்தில் அந்த ஊரைச் சுற்றி ஒரு வட்டம் விழும். இல்லாத காற்றழுத்தத் தாழ்வு ஒன்று காகிதத்தில் பிறந்துவிடும். அதை நம்பி மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்போம். பிழை மறுபக்கமாக இருந்தால், உண்மையான தாழ்வு மறைந்துபோகும், அவர்களும் கடலுக்குப் போய்விடுவார்கள். தவறான அளவைவிட அளவே இல்லாதது மேல் என்பது அன்னா மணியின் உறுதியான கருத்து. அளவு இல்லாத இடத்தில் நாம் எச்சரிக்கையாக இருப்போம். எண் ஒன்று எழுதிவிட்டால் அதை நம்பத் தொடங்கிவிடுவோம்.

இதைச் சொல்லிக்கொண்டே குறிப்பேட்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். அதற்கான கருவிகளையும் பின்பு இங்கேயே வடிவமைத்துச் செய்யவைத்தார். 1960-களில் ஓசோன்சோண்டு. பலூனில் கட்டி மேலே அனுப்பும் சிறு பெட்டி அது. உயரே உள்ள காற்றை உறிஞ்சிப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் விடும். காற்றில் ஓசோன் இருந்தால் அயோடின் வெளிப்பட்டு, அந்த அளவுக்கு ஏற்ற சிறு மின்னோட்டம் உண்டாகும். அதை வானொலி அலையாகக் கீழே அனுப்பும். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்கள் மின்வேதியியலோடு இதைச் சேர்த்துச் சொல்லலாம். தும்பா ராக்கெட் ஏவுதளம் 1963-இல் தொடங்கியபோது அங்கே வானிலை ஆய்வுக்கூடத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தவரும் இவரே.

துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். 1987-இல் கே.ஆர். ராமநாதன் பதக்கம் பெற்றார். விருதுகளை இதற்குமேல் நான் வகுப்பில் பட்டியலிடுவதில்லை. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

எங்கள் ஊர்க் காத்தாடி

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த வேலைதான் என் மாணவர்களுக்கு மிக நெருக்கமானது. எங்கள் பள்ளி மாடியில் நின்றால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் சுழலும் காற்றாலைகள் தெரியும். பிள்ளைகள் அவற்றைக் காத்தாடி என்பார்கள். காற்றாலை எங்கே நட்டால் பலன் தரும் என்பதைக் கண்மதிப்பில் சொல்லிவிட முடியாது. நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணி அன்னா மணியின் வழிகாட்டலில் நடந்தது. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைக் கையேடாக 1980-இல் வெளியிட்டார். காற்றாற்றல் தரவுகளின் தொகுப்பு, டி.ஏ. மூலியுடன் சேர்ந்து, 1983-இல் வந்தது. காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யப் பெங்களூருவில் ஒரு சிறு தொழிற்கூடமும் நடத்தினார்.

இங்கே ஒரு கணக்கு போட்டோம். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்த்தகவில் இருக்கும். வேகமானி பத்து விழுக்காடு கூடுதலாகக் காட்டினால் கிடைக்கப்போவதாக நாம் நினைக்கும் ஆற்றல் எவ்வளவு கூடும்? 1.1 × 1.1 × 1.1. விடை 1.331. பத்து விழுக்காட்டுப் பிழை, முப்பத்து மூன்று விழுக்காட்டுக்கு மேல் ஏமாற்றமாக மாறுகிறது. மும்மடியை எண்களுக்குள் மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள் சன்னல் வழியே காத்தாடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா டீச்சர்?" இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வரும். வரும்போது கடிந்துகொள்ள வேண்டாம். பெண் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்பார்கள், அவர்களுக்குக் கேட்கக் காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பேச்சு எடுத்துவிடும் வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, அது அவர் தேர்வு என்றேன். செய்துகொண்டு ஆய்வு செய்தவர்களும் உண்டு, கமலா சோஹோனி அப்படித்தான் என்றேன். தன்னைப் பெண் என்பதற்காகச் சிறப்பித்துப் பேசுவதை அன்னா மணி அவ்வளவாக விரும்பியதில்லை என்பதையும் சொன்னேன். கேட்ட மாணவி, "அப்போ எதுக்குச் சிறப்பா பேசணும்?" என்றாள். மேசைமேல் இருந்த குறிப்பேட்டைக் காட்டினேன்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புட்டியின் வாயும் உடலும் ஒரே விட்டத்தில் இருந்தால்தான் அளவுகோலின் மில்லிமீட்டர் நேரடியாக மழையின் மில்லிமீட்டர் ஆகும். வாய் அகன்று உடல் குறுகியிருந்தால் அளவு கூடித் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். மூன்று குழுக்கள் மூன்று வடிவப் புட்டிகளில் செய்து, ஒரே மாடியில் ஒரே மழைக்கு மூன்று விடை வந்து, சண்டை போடட்டும். எங்கள் வகுப்பில் ஒரு மழைக்கு 12, 19, 27 என்று வந்தது. எது சரி என்று கண்டுபிடிக்க அவர்களே வட்டத்தின் பரப்பளவு சூத்திரத்தைத் தேடிப் போனார்கள். அகன்ற வாயால் வாங்கிக் குறுகிய குடுவையில் அளப்பதால்தான் துறையினரின் மழைமானி சிறு தூறலைக்கூடத் துல்லியமாகக் காட்டுகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் தனி ஊசல் சோதனை செய்தபோது, புவிஈர்ப்பு முடுக்கம் 9.8 வரும்படி விடையிலிருந்து பின்னோக்கி அலைவு நேரத்தை எழுதினேன். வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். எல்லாருக்கும் முழு மதிப்பெண். அதே பழக்கத்தோடு ஆசிரியரானேன். மாணவர் செய்முறைக் குறிப்பேட்டில் 9.8 இருந்தால் சரி என்று குறியிட்டேன், 9.3 இருந்தால் திரும்பச் செய்யச் சொன்னேன். உண்மையில் 9.3 எழுதியவன்தான் ஊசலை ஆட்டிப் பார்த்தவன். எத்தனை பேருக்கு இப்படி அடித்துத் திருத்தினேன் என்று கணக்கு இல்லை. இப்போது அளவீடுகளுக்குத் தனி மதிப்பெண், விடைக்குத் தனி மதிப்பெண் தருகிறேன். விடை எங்கே விலகியது என்று எழுதுபவருக்குக் கூடுதலாக ஒன்று. நம் பதிவேடுகளிலும் 'பிறகு நிரப்பிக்கொள்ளலாம்' என்று விட்ட கட்டங்கள் எத்தனை என்பது நமக்கே தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை மாலை ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்கள். திங்கள் கட்டத்தில் '31 – இரண்டு நாள் மழை சேர்த்து' என்று எழுதினார்கள். அந்தக் குழு இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டது. குறிப்பேடு அடுத்த எட்டாம் வகுப்பின் கையில் இருக்கிறது. போன வாரம் புரட்டிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் எண் இல்லை. பென்சிலில் இப்படி இருந்தது: 'குரங்கு கவிழ்த்துவிட்டது. அளவு இல்லை. மழை பெய்தது.'